போர்பன் ருசி பார்க்க எது முதலில், எது கடைசியில்: வரிசை போடும் முழு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோப்பு வீட்டில், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக உட்கார்ந்து, போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கியை ருசி பார்க்கிறோம். பெரியம்மா மகன் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில் வேலையில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம், வரியில்லாமல் கொண்டுவர அனுமதியுள்ள 2 லிட்டருக்குள் இரண்டு பாட்டில் எடுத்து வருவான். அப்படிச் சேர்ந்தவைதான் எங்கள் அலமாரியில் இருப்பவை.

முதல் தடவை நான்தான் ஊற்றினேன். இருந்ததிலேயே விலை கூடியதை முதலில் திறந்தேன். அதில் ஆல்கஹால் 63 சதவீதம். அதற்குப் பிறகு ஊற்றிய மூன்றும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருந்தன. அதில் ஒன்றான மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பனை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சரக்கே இல்லைங்க" என்று தள்ளி வைத்தார் நண்பர் ஒருவர். இரண்டு மாதம் கழித்து அதே பாட்டிலை வரிசையின் தொடக்கத்தில் வைத்தேன். அதே நண்பர் கிளாஸை மூக்கருகில் வைத்துக்கொண்டு, வெல்லப்பாகு காய்ச்சும் வாசம் வருகிறது என்றார்.

அன்றிலிருந்து வரிசையை மட்டுமே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் தெரியும். நண்பர்களை அழைத்து ஒரு மாலை நான்கு பாட்டில் திறக்க நினைக்கிறவர்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. பாட்டிலைத் தொடும் முன்: ஆள், அளவு, சட்டம்

நான்கு பேர் போதும், ஆறு பேர் அதிகபட்சம். அதற்கு மேல் போனால் பேச்சு கூடிவிடும், கிளாஸில் கவனம் இருக்காது.

நான்கு வகைக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது கிளாஸில் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. ஆறு வகை வைத்த நாளில், கடைசி இரண்டைப் பற்றி எல்லோரும் எழுதியது ஒரே வார்த்தை: "ஸ்ட்ராங்".

ஒரு வகைக்கு ஒருவருக்கு 15 மில்லி, அதாவது அரை ஸ்மால். நான்கு வகைக்கு மொத்தம் 60 மில்லி. சராசரி 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுத்த ஆல்கஹால் 30 மில்லி. நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதத்தில் ஒரு லார்ஜ் என்றால் 25.7 மில்லி. ஆகவே இது ஒரு லார்ஜை விடக் கொஞ்சம் கூடுதல். கிளாஸில் பார்க்கக் குறைவாகத் தெரிவதால் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். கண் அளவில் ஊற்றினால் முதல் கிளாஸ் 15, கடைசி கிளாஸ் 30 ஆகிவிடும். ஊற்றுகிறவருக்கும் ஏறியிருக்கும் அல்லவா.

கேரளத்தில் குடிக்கச் சட்டப்படி 23 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. எங்களைப் போல எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம்: கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ, செக்போஸ்ட்டைத் தாண்டி பாட்டில் கொண்டு போவது வேறு மாநிலத்துக்குள் மது கொண்டு போவதுதான். பொள்ளாச்சி நண்பர்கள் கையை வீசிக்கொண்டு வரட்டும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடைகள் இருக்காது, நாள் குறிக்கும்போது அதையும் பாருங்கள். வருகிறவர்கள் இரவு தங்க வேண்டும், இல்லையென்றால் குடிக்காத ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கார வேண்டாம்.

2. லேபிளில் படிக்க வேண்டியது நான்கே விஷயம்

முதலாவது ஆல்கஹால் சதவீதம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் நாட்டு பாட்டிலில் 75 டிகிரி ப்ரூஃப் என்று இருக்கும். அது பழைய பிரிட்டிஷ் கணக்கு, 42.8 சதவீதம். அமெரிக்க பாட்டிலில் 90 ப்ரூஃப் என்று இருந்தால் அது சதவீதத்தின் இரண்டு மடங்கு, அதாவது 45. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு 75-க்கும் 90-க்கும் பெரிய இடைவெளி இருப்பதாக நினைப்பார்கள். உண்மையில் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். ப்ரூஃபை மறந்துவிட்டு, சதவீதத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

பெயரைப் பார்த்து சதவீதத்தை ஊகிக்கவும் கூடாது. உட்ஃபோர்ட் ரிசர்வ் அமெரிக்காவில் 45.2, வெளிநாட்டுச் சந்தைகளில் 43.2. உங்கள் கையில் இருக்கும் பாட்டில் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இரண்டாவது தானியம். போர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். மீதியில் முளைகட்டிய பார்லியோடு, ரை என்கிற தானியம் சேர்ப்பவர்கள்தான் அதிகம். சிலர் ரைக்குப் பதில் கோதுமை சேர்க்கிறார்கள். ரை வந்தால் மிளகு, கிராம்பு மாதிரி ஒரு சுள்ளென்ற காரம். கோதுமை வந்தால் மென்மை, இனிப்பு முன்னால் நிற்கும். மேக்கர்ஸ் மார்க்கில் 70 மக்காச்சோளம், 16 கோதுமை, 14 பார்லி. புல்லட்டில் ரை மட்டும் 28 சதவீதம்.

மூன்றாவது வயது. ஸ்ட்ரெய்ட் என்று இருந்தால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்தது. 4 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வயதை எழுதியே ஆக வேண்டும். ஆகவே ஸ்ட்ரெய்ட் என்று இருந்து வயது இல்லையென்றால் 4 அல்லது அதற்கு மேல். பாட்டில்ட் இன் பாண்ட் என்றால் குறைந்தது 4 வருடம், சதவீதம் சரியாக 50. வரிசை போடுகிறவருக்கு இந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

நான்காவது, கடைசியில் வேறு பீப்பாயில் வைத்தார்களா என்பது. ஏஞ்சல்ஸ் என்வி போன்றவை போர்ட் வைன் இருந்த பீப்பாயில் கொஞ்ச காலம் இருந்து வருபவை. அந்தத் திராட்சை இனிப்பு வரிசையையே மாற்றிவிடும்.

ஸ்மால் பேட்ச், அதாவது சில பீப்பாய்களை மட்டும் கலந்தது என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவு கிடையாது. வரிசைக்கு அது உதவாது. விலையும் உதவாது.

3. வரிசை போடுதல்

எங்கள் சித்தூர் தாலுகாவில் கள் இறக்குகிற தோப்புகள் அதிகம். இளங்கள்ளையும் மூத்த கள்ளையும் ஒன்றாக வைத்தால், இளசைத்தான் முதலில் குடிக்க வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூத்த கள்ளின் புளிப்பு நாக்கில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு இளங்கள்ளின் இனிப்பு தெரியாது. போர்பனுக்கும் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இந்த கிளாஸ் வாயில் எதை விட்டுப் போகிறது, அது அடுத்த கிளாஸை மறைக்குமா?

முதல் விதி சதவீதம். குறைந்ததில் தொடங்கி ஏறிப் போங்கள். மிளகாய்க் காரம் நாக்கில் எந்த நரம்பு முனைகளைத் தொடுகிறதோ, ஆல்கஹாலும் அவற்றையே தொடுகிறது. 60-க்கு மேல் ஒன்றைக் குடித்தபின் வாய் அந்த எரிச்சலுக்குப் பழகிவிடும். அப்புறம் 45 வந்தால் எரிச்சல் இல்லை என்பது மட்டும்தான் தெரியும், ருசி தெரியாது.

மூன்று சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுப்பதில்லை. 43.2-ம் 45-ம் எனக்கு ஒன்றுதான். அங்கே இரண்டாவது விதி வருகிறது.

இரண்டாவது விதி தானியம். ஒரே சதவீதத்தில் கோதுமை முதலில், ரை குறைந்தது அடுத்து, ரை கூடியது அதற்குப் பிறகு. ரையின் காரம் வாயில் நிற்கும், கோதுமையின் மென்மை நிற்காது. மாற்றிக் குடித்தால் கோதுமை சப்பென்று போகும்.

இந்த இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெல்லர் ஆன்டிக் 107 கோதுமை வகை, ஆனால் 53.5 சதவீதம். பக்கத்தில் ரை சேர்ந்த 45 ஒன்று இருக்கிறது. கோதுமை முதலில் என்று வெல்லரை முன்னால் வைக்கலாமா? வைக்கக் கூடாது. மோதினால் சதவீதம்தான் ஜெயிக்கும். தானியம் விட்டுப்போகும் காரம் ஒரு வாய் தண்ணீரில் பெரும்பாலும் போய்விடும். அதிக ஆல்கஹால் மரத்துப்போகச் செய்தது கால்மணி நேரம் ஆனாலும் முழுதாகத் திரும்பாது.

மூன்றாவது விதி மரம். போர்பனைப் புத்தம் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். பழைய பீப்பாயில் கிடக்கும் ஸ்காட்சை விட மரத்தின் துவர்ப்பு இதில் சீக்கிரம் இறங்குகிறது. பாக்கு மென்றபின் கன்னத்தின் உள்புறம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான். அது ஒவ்வொரு கிளாஸிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், கழுவினாலும் போகாது. அதனால் 9, 10 வருடத்தது 4 வருடத்ததற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

வயது எண்ணை அப்படியே மரத்தின் அளவாக எடுக்கவும் முடியாது. கென்டக்கி கிடங்குகளில் மேல் மாடியில் வெயில் தாங்கிய பீப்பாய், கீழ் மாடியில் குளிர்ச்சியாக இருந்த பீப்பாயை விட வேகமாக மரத்தை இழுத்துக்கொள்ளும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அப்படியும் சில பாட்டில்கள் 65-ஐத் தொடுவதற்கு இந்த மேல் மாடிச் சூடுதான் காரணம். மரத்தின் வழியாகத் தண்ணீர் வேகமாகப் போய்விட, ஆல்கஹால் பங்கு கூடிவிடுகிறது. ஆகவே அப்படிப்பட்ட பாட்டிலை, வயது என்னவாக இருந்தாலும், கடைசிக்கு நகர்த்திவிடுவேன்.

நான்காவது, இனிப்பு. போர்ட் பீப்பாயில் முடித்தவை 43, 44 சதவீதமே இருந்தாலும் முன்னால் வைக்காதீர்கள். அந்த இனிப்புக்குப் பிறகு சாதாரண போர்பன் கசக்கும். பாயசம் குடித்துவிட்டு டீ குடிப்பது மாதிரி. 50 சதவீதத்துக்கு உட்பட்ட வரிசையில் அதைக் கடைசியில் வைக்கலாம். வரிசையில் 60-க்கு மேல் ஒன்று இருந்தால் போர்ட் முடித்ததை அன்று எடுக்கவே வேண்டாம், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். தேன், செர்ரி சேர்த்த பாட்டில்களையும் இந்த மாலைக்கு விட்டுவிடுங்கள். புகைவாசம் உள்ள ஸ்காட்சை யாராவது கொண்டு வந்தால், எல்லா கிளாஸும் காலியான பிறகு மட்டும் திறக்கலாம்.

இந்த விதிகளையெல்லாம் எங்கள் மாமாவிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். அறுபத்தைந்து வயது, வாழ்நாள் முழுக்கப் பிராந்தி குடித்தவர். "ஏப்பா மாப்ள, நல்லதைக் கடைசீல வெச்சா, அதுக்குள்ள நாக்கு செத்துப் போகாதா?"

சரியான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. "யோசிச்சுச் சொல்றனுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். இப்போது நான் செய்வது இது: அன்றைக்கு எந்த பாட்டிலைத் தெரிந்துகொள்ளத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்களோ, அது மூன்றாவது இடத்தில் வரும்படி மற்ற மூன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். மூன்றாவது வரும்போது மூக்கு விழித்திருக்கும், நாக்கு களைத்திருக்காது. அந்த பாட்டிலே இருப்பதிலேயே அதிக சதவீதம் என்றால், நான்காவது என்று எதையும் வைப்பதில்லை. மூன்றோடு நிறுத்திவிடுவேன்.

முதல் கிளாஸுக்கும் ஒரு பேச்சு. அன்றைய முதல் வாய்க்கு எப்போதும் நியாயம் கிடைக்காது, வாய் ஆல்கஹாலுக்குத் தயாராக இருக்காது. அதனால் எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கமான, எளிமையான ஒன்றை அங்கே வையுங்கள். புது பாட்டிலை முதலிடத்தில் வைத்து வீணாக்க வேண்டாம்.

4. மூன்று வரிசைகள், காரணத்தோடு

புதியவர்களுக்கு நான் வைப்பது: ஜிம் பீம் வெள்ளை லேபிள் 40, மேக்கர்ஸ் மார்க் 45, புல்லட் 45, வைல்ட் டர்க்கி 101, அது 50.5. முதலாவது வாயைத் தயார்ப்படுத்தும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சதவீதம், ஆகவே அங்கே தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு தானியத்தினுடையது. கோதுமை எது, ரை எது என்று அந்த இரண்டு கிளாஸில் புரிந்துவிட்டால், பிறகு லேபிள் படிக்கும்போது ருசியும் கூடவே நினைவுக்கு வரும். நான்காவதில் சதவீதம் ஏறுவது என்றால் என்ன என்று தெரியும்.

இரண்டாவது முறை வருகிறவர்களுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகளை வைக்கிறேன். ஜிம் பீம் வெள்ளை லேபிள் 40, நாப் க்ரீக் 9 வருடம் 50, புக்கர்ஸ் 60-க்கு மேல். மூன்றும் ஜிம் பீம் நிறுவனத்தினுடையவை. மூன்றிலும் வறுத்த நிலக்கடலை வாசம் ஒன்று கூடவே வருவதைக் கவனிக்கலாம். முதலாவதில் மெல்லியதாக, இரண்டாவதில் கருப்பட்டியோடும் மரத்தோடும், மூன்றாவதில் கருகும் அளவுக்கு வறுத்ததாக. இந்த வரிசையை யாராவது தலைகீழாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். புக்கர்ஸுக்குப் பிறகு வெள்ளை லேபிளில் அந்தக் கடலையைத் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது, சிறிய இடைவெளிகளுக்கு: ஃபோர் ரோசஸ் ஸ்மால் பேட்ச் 45, உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு பாட்டில்ட் இன் பாண்ட் 50, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் 50. கடைசி இரண்டும் ஒரே சதவீதம். சிங்கிள் பேரலில் ரை 35 சதவீதம் என்பதால் அது பின்னால். இதைப் புதியவர்களிடம் கொடுத்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் என்பார்கள், ஆகவே முதல் வரிசையை இரண்டு தடவையாவது செய்தவர்களுக்கு மட்டும்.

5. வாயையும் வீட்டையும் தயார் செய்தல்

வரிசையைச் சரியாகப் போட்டுவிட்டு டச்சிங்ஸில் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

பெப்பர் சிக்கன், எலுமிச்சை ஊறுகாய், மிளகாய்த்தூள் தூவிய மரவள்ளி சிப்ஸ் எதுவும் மேஜைக்கு வரக் கூடாது. மிளகாயும் ஆல்கஹாலும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்று மேலே சொன்னேன். ஊறுகாய் தொட்டபின் குடித்தால் 40 சதவீதமே 60 போல எரியும், வரிசைக்கு அர்த்தமே இருக்காது. தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் காரமில்லை என்று நினைத்து வைப்பார்கள். அந்த எண்ணெய் நாக்கில் படலமாகப் படிந்துகொள்ளும். இடையில் கொறிக்க உப்பில்லாத அவல் அல்லது வெறும் ரொட்டி போதும்.

வெறும் வயிற்றிலும் உட்காரக் கூடாது. ஒன்றரை மணி நேரம் முன்பே தயிர்சாதமோ இட்லியோ சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காரமான சாப்பாட்டை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தால் சீரகத் தண்ணீரோ, பதிமுகம் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீரோதான் கொடுப்பார்கள். அருமையான பழக்கம், ஆனால் இந்த மாலைக்கு ஆகாது. ஒரு தடவை என் வீட்டிலேயே சொம்பில் சீரகத் தண்ணீர் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான்கு பேரும் நான்கு போர்பனிலும் சீரகம் மணக்கிறது என்று எழுதி வைத்திருந்தோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதையும் எடுப்பதில்லை. கேன் தண்ணீரை அறைச் சூட்டில் வைத்துக்கொள்கிறேன். ஐஸ் தண்ணீர் கொடுத்தால் நாக்கு மரத்துவிடும்.

வாசம் வரும் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, சென்ட், பாக்கு, சிகரெட். வாசலில் பூத்த மல்லிகைப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டுவிட்டு, எல்லாம் பூ வாசமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் மேஜையைத் தூக்கி உள்ளே கொண்டு வந்திருக்கிறோம்.

6. கிளாஸ், நேரம், காற்று

எல்லாம் ஒரே மாதிரி கிளாஸாக இருக்க வேண்டும். வடிவம் மாறினால் வாசம் மாறும், அதை போர்பனின் வித்தியாசம் என்று எழுதிவிடுவோம். வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் நல்லது, சின்ன வைன் கிளாஸ் போதும். டீக்கடை கிளாஸ் மேலே விரிவதால் வாசம் நிற்காது. முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து, மறுபடி வெறும் தண்ணீரில் அலசி, சோப்பு வாசம் இல்லை என்று முகர்ந்து பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதி, கிளாஸ்களை அந்த எண்களின் மேல் வையுங்கள். பேச்சு மும்முரத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரி பக்கம் போகும். சூடேறிய கிளாஸிலிருந்து ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் குத்தும், பின்னால் உள்ள வாசம் எதுவும் வராது. அந்த மாதங்களில் இருட்டிய பிறகு, ஓட்டு வீட்டின் உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும், இங்கே விருச்சிகக் காற்று என்பார்கள். குளுகுளுவென்று திண்ணையில் உட்காரத் தோன்றும். கிளாஸில் ஒரு வாசம்கூட மிஞ்சாது. உள்ளே வந்து ஃபேனையும் நிறுத்துங்கள்.

பாட்டிலின் மூடி தக்கையாக இருந்தால் முந்தின நாளே திறந்து மூடிப் பாருங்கள். நம் வெக்கையில் காய்ந்த தக்கை கழுத்திலேயே ஒடிந்துவிடும். ஒடிந்தால் காபி வடிகட்டும் தாளில் ஊற்றி வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. பாட்டிலை எப்போதும் நிற்கவே வையுங்கள்.

7. குடிக்கும்போது

நான்கு கிளாஸையும் ஒரே நேரத்தில் ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள்.

முதலில் யாரும் குடிக்கக் கூடாது. ஒன்றிலிருந்து நான்கு வரை முகர்ந்து மட்டும் பாருங்கள். வாயை லேசாகத் திறந்து, கிளாஸை மேல்உதட்டுக்குக் கீழே பிடித்து, மெதுவாக. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் அடுத்த ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. லேபிளை வைத்துப் போட்ட வரிசையில் ஏதாவது பிசகு இருந்தால் இங்கேயே பிடிபடும். இரண்டாவதில் மரவாசம் மூன்றாவதை விடக் கனமாக இருக்கிறது என்று இரண்டு பேராவது சொன்னால், குடிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். காகிதத்தில் போட்ட வரிசையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

மூக்கு களைத்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகர்ந்துவிட்டு வாருங்கள். காபிக்கொட்டை வேண்டாம், அதுவே ஒரு பலத்த வாசம்.

பிறகு ஒன்றாவது கிளாஸ். முதல் வாய் சின்னதாக, நாக்கு முழுக்கப் படும்படி வைத்து விழுங்குங்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம். அரை நிமிடம் கழித்து இரண்டாவது வாய், அதைத்தான் எழுத வேண்டும். துப்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு சொம்பு வையுங்கள். தொழிலாக ருசி பார்க்கிறவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒவ்வொரு கிளாஸிலும் பாதிக்கு மேல் குடிக்காதீர்கள். மீதி பின்னால் தேவைப்படும். கிளாஸுக்கு கிளாஸ் ஐந்து நிமிடம் இடைவெளி, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே பத்து. இடையில் ஒரு வாய் ரொட்டி, இரண்டு வாய் தண்ணீர்.

60-க்கு மேல் உள்ளதற்கு முதலில் தண்ணீர் விடாமல் ஒரு வாய். அப்புறம் சிரிஞ்சால் தண்ணீர். 63 சதவீதத்தில் 15 மில்லியை 50-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 4 மில்லி வேண்டும். பாதி குடித்திருந்தால் 2 மில்லி. ஒரு மில்லியாக விட்டு முகர்ந்துகொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் எரிச்சல் விலகி வெனிலாவோ காய்ந்த பேரீச்சையோ எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்துங்கள். ஐஸ் போட்டால் வாசம் அடங்கிவிடும், ஆகவே இந்த மாலைக்கு ஐஸ் இல்லை.

நான்கும் முடிந்ததும், கால்மணி நேரம் விட்டு, மீதி வைத்த ஒன்றாவது கிளாஸுக்குத் திரும்புங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. முதலில் இனிப்பாக இருந்தது இப்போது தண்ணீராக இருக்கிறதா, அல்லது முதலில் தெரியாத ஒன்று தெரிகிறதா? தண்ணீராக இருந்தால், அந்த இடத்துக்கு அதை வைத்தது சரி. அப்படியே நின்றால், அது சதவீதத்தை மீறிக் கனமான போர்பன், அடுத்த தடவை ஓரிடம் பின்னால் போகலாம்.

8. நடுவில் பிசகினால்

யாராவது ஆர்வத்தில் நான்காவதை முதலில் குடித்துவிட்டால், அவரை அரை மணி நேரம் ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தொடரலாம். அவர் தொடர்ந்து குடித்துக் கருத்துச் சொன்னால், அந்தக் கருத்து மற்றவர்கள் நாக்கையும் இழுத்துவிடும்.

அதனால்தான் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்பதை நான் கறாராக வைத்திருக்கிறேன். வயதில் பெரியவர் ஒருவர் "கருப்பட்டி" என்று சொல்லிவிட்டால், மேஜையில் எல்லோருக்கும் கருப்பட்டிதான்.

இரண்டு கிளாஸ் வித்தியாசமே தெரியவில்லை என்றால் வரிசையைத் திருத்தாதீர்கள், இன்னொரு நாள் அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றி ஊற்றுங்கள். இடம் மாறியதும் கருத்தும் மாறினால், அது வரிசை செய்த வேலை. மாறாவிட்டால் உங்கள் நாக்குக்கு அவை நெருங்கிய உறவு.

9. காலையில் காலி கிளாஸ்

இரவே கிளாஸ்களைக் கழுவ வேண்டாம். எண் எழுதிய தாளோடு அப்படியே விட்டு, மேலே ஒரு சுத்தமான துணியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் காபிக்கு முன்னால், அதே வரிசையில் காலி கிளாஸ்களை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிப் போயிருக்கும், அடியில் காய்ந்து ஒட்டியிருப்பதில் பெரும்பங்கு மரத்திலிருந்து வந்தது. ஒன்றில் லேசான வெனிலா, இன்னொன்றில் கருகிய சர்க்கரை, வேறொன்றில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். எந்த கிளாஸில் இது கனமாக இருக்கிறதோ, அதில்தான் மரம் அதிகம், லேபிளில் வயது எதுவாக இருந்தாலும் சரி.

போன தை மாதம் நாங்கள் இரண்டாவது இடத்தில் வைத்திருந்த 45 சதவீத பாட்டிலின் காலி கிளாஸ், நான்காவதை விடக் கனமாக மணந்தது. மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். தாளை எடுத்து, அந்த 2-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையால் 3 என்று எழுதி வைத்தார்.